எங்கள் வீட்டுக்கு 43 படிகள்

நீலகிரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநர் அவர்களுக்கும், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் அவர்களுக்கும்,

வணக்கம்.

நான் பந்தலூர் தாலுகாவில் தையல் தொழில் செய்பவள். ரோட்டோரம் ஒரு தகர ஷெட், அதில் ஒரு மிதி மெஷின், ஒரு ஓவர்லாக் மெஷின். என் தாத்தாவும் பாட்டியும் 1964ஆம் ஆண்டு சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து இங்கே வந்தவர்கள். அம்மா கொழுந்து பறித்து எங்களை வளர்த்தார். என் வீட்டுக்காரர் மரம் ஏறுபவர். தேயிலைக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களில் கிளை கழிப்பது, அவற்றில் படர்ந்த மிளகைப் பறிப்பது அவர் வேலை. ரோட்டிலிருந்து 43 படி இறங்கினால் எங்கள் வீடு. இந்த எண்ணிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த மடலே அதைப் பற்றியதுதான். அடிபட்டவர் வீடு திரும்பிய பிறகு அன்றாட வேலைகளைத் தானே செய்ய வழி காட்டும் செயல்முறை மருத்துவர் எங்கள் மலைக்கும் வேண்டும் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

2023 ஜூன் மாதம், மழை பிடித்த முதல் வாரம், அவர் மரத்திலிருந்து வழுக்கி வலது பக்கமாக விழுந்தார். வலது தொடை எலும்பும் வலது மேற்கை எலும்பும் முறிந்தன. பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். தொடையில் ராடு, கையில் பிளேட். அறுவை சிகிச்சை செய்த டாக்டர்களுக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். உயிரையும் காலையும் காப்பாற்றிக் கொடுத்தார்கள்.

பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். சீட்டில் மாத்திரைகளின் பெயர், "நடைப்பயிற்சி செய்யவும்", "6 வாரம் கழித்து வரவும்". அவ்வளவுதான். ஆம்புலன்ஸ் ரோட்டில் இறக்கிவிட்டது. அவரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, என் தம்பியும் பக்கத்து வீட்டு மாமாவும் இன்னும் இரண்டு பையன்களும் நான்கு மூலையையும் பிடித்துக்கொண்டு 43 படியும் இறக்கினார்கள். பாதியில் நாற்காலியின் ஒரு கால் வளைந்தது. அந்த நிமிடம் என் வயிறு கலங்கியது இப்போதும் நினைவிருக்கிறது.

அப்புறம் நான்கு மாதம் அவர் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. இடையில் ஒரே ஒரு தடவை, தையல் பிரிக்கவும் எக்ஸ்ரே எடுக்கவும், மறுபடி நாற்காலியில் தூக்கிக்கொண்டு போய் வந்தோம். ஒவ்வொரு முறையும் நான்கு பேர் ஒரு நாள் கூலியை விட வேண்டும். யாரிடம் எத்தனை தடவை கேட்பது?

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) ஒருவர் வீட்டுக்கு வந்தார். அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய இந்தத் திட்டத்தை நான் மனதார வாழ்த்துகிறேன். அந்த மனிதர் மழையிலும் படி இறங்கி வந்தார். முட்டியை மடக்க வைத்தார், தொடைக்கு வலு ஏற்றினார், இடது கையில் ஊன்றுகோல் பிடித்து வராந்தாவில் நடக்க வைத்தார். கால் தேறியது. ஆனால் வலது மணிக்கட்டு மட்டும் கீழே தொங்கிக்கொண்டே இருந்தது. கையை உயர்த்தினால் உள்ளங்கை சேம்பிலை மாதிரி மடிந்து விழும். மேற்கை எலும்பு முறியும்போது அதை ஒட்டிச் சுற்றிப்போகும் நரம்பு அடிபட்டிருக்கிறது, வளர்ந்து வர மாதக்கணக்காகும் என்று சொல்லியிருந்தார்கள். அதுவரை அந்தக் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கேட்கலாம் என்றே தெரியாது.

அக்டோபரில் கீழே, கோயம்புத்தூருக்கு, மறுபரிசோதனைக்குப் போனோம். எங்கள் ஊரிலிருந்து கூடலூர், ஊட்டி, மேட்டுப்பாளையம் தாண்டிக் கோவை. காலை முதல் பஸ்ஸில் ஏறினால் போய்ச் சேர மதியமாகிவிடும். காலில் ராடு வைத்தவரை அத்தனை கொண்டை ஊசி வளைவுகளிலும் உட்கார வைத்துக் கூட்டிப்போவது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அங்கே ஒரு அறையில் இருபத்தைந்து வயதுகூட இருக்காத ஒரு பெண் எங்களைக் கூப்பிட்டார். கையையும் காலையும் பார்ப்பதற்கு முன்னால் கேட்டார்:

"வீட்டுக்கு எத்தனை படிங்கண்ணா?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான்கு மாதத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ கேள்வி கேட்டிருந்தார்கள். இதை ஒருவரும் கேட்டதில்லை. "நாப்பத்தி மூணும்மா" என்று சொல்லிவிட்டு அவர் அழுதுவிட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அந்தப் பெண் செய்த வேலையின் பெயர் ஆக்குபேஷனல் தெரபி. தமிழில் செயல்முறை மருத்துவம் என்கிறார்கள், சிலர் தொழில்வழி சிகிச்சை என்கிறார்கள். இந்த இரண்டாவது பெயர்தான் பலரைக் குழப்புகிறது. 'தொழில்' என்றதும் ஏதோ வேலைவாய்ப்புப் பயிற்சி என்று நினைத்துவிடுகிறோம். ஒரு மனிதன் விடிந்து எழுந்ததிலிருந்து படுக்கப் போகும்வரை தன் கையால் செய்கிற அத்தனையும் இதில் அடங்கும் என்று அவர் விளக்கினார். பல் தேய்ப்பது, கழிப்பறைக்குப் போவது, சட்டை மாட்டுவது, சோறு பிசைவது, பேரனைத் தூக்குவது, கூலி வேலைக்குப் போவது. அடிபட்டவரோ நீண்ட நாள் நோயாளியோ இவற்றை எப்படித் திரும்பச் செய்வது என்று பார்ப்பது அவர்கள் படிப்பு. நான்கு வருடத்துக்கு மேல் படிக்கிற படிப்பு. கோவையிலேயே அதற்குக் கல்லூரி இருக்கிறது.

சரி, அவர் என்ன செய்தார் என்று சொல்கிறேன். அதைச் சொன்னால்தான் நான் கேட்பது என்ன என்பது உங்களுக்கு விளங்கும்.

முதலில் கை. ஒரு சின்ன சோதனை, நீங்களே செய்து பாருங்கள். மணிக்கட்டை முழுக்கக் கீழே மடக்கிக்கொண்டு ஒரு பேனாவை இறுக்கிப் பிடியுங்கள். பிடி வராது. மணிக்கட்டு நிமிர்ந்து நின்றால்தான் விரல்கள் இறுகும். என் வீட்டுக்காரரின் விரல்களை மடக்கும் தசைகளில் கோளாறே இல்லை, மணிக்கட்டைத் தூக்கும் நரம்புதான் போயிருந்தது. அந்தப் பெண் ஒரு வெள்ளைத் தகட்டை அளவாக வெட்டி வெந்நீரில் போட்டார். அது தோசை மாதிரி துவண்டது. எடுத்துத் துடைத்து அவர் முன்கையில் வைத்து, மணிக்கட்டை நிமிர்த்திப் பிடித்தார். சில நிமிடத்தில் இறுகிவிட்டது. வெல்க்ரோ பட்டை போட்டுக் கட்டி, ஒரு டம்ளரை நீட்டினார். நான்கு மாதத்துக்குப் பிறகு வலது கையால் டம்ளரைப் பிடித்தார். நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் வளரும், அது வந்து சேரும்வரை இந்தப் பட்டை அந்த வேலையைப் பார்க்கும் என்றார். இது ஜூன் மாதமே கிடைத்திருந்தால்?

பிறகு ஒரு தாளை எடுத்து மார்க் போட்டார். எனக்கும் காட்டினார். 1965இல் அமெரிக்காவில் வெளியான பார்த்தெல் அளவுகோலாம். உலகம் முழுக்கப் புழங்குகிறதாம். மொத்தம் 100. சாப்பிடுவதற்கு 10, உடை மாற்றுவதற்கு 10, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவதற்கு 15, சமதரையில் 50 கஜம் நடப்பதற்கு 15, இப்படி. என் வீட்டுக்காரருக்கு 75 வந்தது. மார்க் போன இடங்களைக் காட்டினார். படி ஏறுவதற்கு 10, அதில் பூஜ்யம். தானாகக் குளிப்பதற்கு 5, அதிலும் பூஜ்யம். உடை மாற்றுவதற்கும் கழிப்பறைக்குப் போவதற்கும் பத்துக்கு ஐந்துதான்.

75 நல்ல மார்க்தான். சமவெளியில் அந்த மார்க் வாங்கியவர் வாசலுக்கு வருவார், டீக்கடை வரை போவார். எங்கள் ஊரில் சமதரையில் 50 கஜம் எங்கே இருக்கிறது? பள்ளிக்கூட மைதானத்தில் இருக்கிறது. அதற்குப் போக முதலில் படி ஏறணும். அந்த 10 மார்க் போனால் எங்கள் மலையில் மீதி 90ம் நான்கு சுவருக்குள்தான். அந்தப் பெண்ணும் இதையே சொன்னார்: "அக்கா, பேப்பர்ல இது பத்து மார்க். உங்க ஊர்ல இதுதான் எல்லாம்."

என் போனில் வீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். படிகள், கழிப்பறை, அடுப்படி, கட்டில், குளிக்கிற இடம். அனுப்பினேன். அடுத்த வாரம் போனில் அரை மணி நேரம் பேசினார். சாய்தளம் போடலாமா என்று நான்தான் கேட்டேன், அரசு அலுவலகங்களில் பார்த்திருக்கிறேனே. அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். 43 படி, படிக்கு ஏழு அங்குலம் என்றால் ஏறக்குறைய 25 அடி உயரம். அதற்குச் சாய்தளம் 300 அடி நீளம் வேண்டும். எங்கள் வீட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவே அதற்கு இடம் ஏது? ஆகவே படியையே சரி செய்யச் சொன்னார். இரண்டு பக்கமும் கைப்பிடிக் குழாய். ஒரு படி உயரமாகவும் அடுத்தது தாழ்வாகவும் இருந்தால் கால் ஏமாந்துபோகும், அதனால் எல்லாப் படியும் ஒரே உயரம். பத்துப் படிக்கு ஒரு இடத்தில் உட்கார ஒரு கல். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். இந்த ஒரு வாக்கியத்தை மருத்துவமனைச் சுவரில் பெரிதாக எழுதி வைத்தால்கூட எத்தனை பேருக்கு உதவும்!

வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் பக்கத்து ஊர்க்காரர் மேல்பாதிக்கு ஒரு பக்கம் மட்டும் குழாய் ஊன்றிக் கொடுத்தார். மீதிக்கு எங்களிடம் காசு இல்லை. கீழ்ப்பாதியில் மூங்கில் கட்டியிருக்கிறோம்.

கழிப்பறையைப் பற்றியும் சொல்லணும், வெட்கப்பட்டால் காரியம் ஆகாது. எங்கள் கழிப்பறை வீட்டுக்கு வெளியே பத்தடி தள்ளி, குந்தி உட்காரும் வகை. தொடையில் ராடு இருப்பவரால் குந்த முடியாது. இரவில் போகவும் முடியாது, ஏனென்றால் எங்கள் பக்கம் யானை நடமாட்டம் உண்டு. பலாப்பழ சீசனில் வாசலுக்கே வரும். கால் நன்றாக இருப்பவர்களே ராத்திரி கதவைத் திறக்கப் பயப்படும் இடம். அந்த நான்கு மாதமும் சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் அவர் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். சிறுநீர்த் தொற்று வந்து காய்ச்சலில் கிடந்ததற்கு அதுதான் காரணம் என்று பின்னால் புரிந்தது. கட்டில் அருகே வைக்கும் கழிப்பறை நாற்காலி, நடுவில் ஓட்டை போட்டு அடியில் வாளி வைக்கிறது, அதை வாங்கச் சொன்னார் அந்தப் பெண். வாங்கிய அன்றைக்கு அவர் ஒரு சொம்புத் தண்ணீர் முழுக்கக் குடித்துவிட்டுத் தூங்கினார்.

லுங்கி கட்ட இரண்டு கை வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு கை தொங்கினால்? நான்தான் தினமும் கட்டிவிடுவேன். ஆண் பிள்ளை, மாமியார் முன்னால் நிற்கிறார், அவருக்கு எப்படி இருந்திருக்கும். அந்தப் பெண் சொன்ன யோசனையில் லுங்கி இடுப்பில் எலாஸ்டிக்கும் ஓரத்தில் வெல்க்ரோவும் வைத்துத் தைத்தேன். சட்டைக்குப் பட்டனை மேலே தைத்துவிட்டு உள்ளே வெல்க்ரோ. மாட்டும்போது அடிபட்ட கை முதலில், கழற்றும்போது கடைசியில். இப்போது அக்கம்பக்கத்திலிருந்து பக்கவாதம் வந்தவர்களின் வீட்டார் என் கடைக்கு வந்து இப்படித் தைத்துத் தரச் சொல்கிறார்கள். பதினாறு வருடமாகத் தையல் மெஷின் மிதிக்கிறேன், இப்படி ஒரு தையல் இருக்கிறது என்று இந்த விபத்துக்கு முன்னால் எனக்குத் தெரியாது.

இந்த மடலை எழுத என் அம்மாவும் ஒரு காரணம். முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். அவருக்கு முடக்குவாதம், ஆங்கிலத்தில் ருமட்டாய்டு என்கிறார்களே, அது. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரம் விரலை மடக்க முடியாது. தை மாதக் குளிரில் இன்னும் மோசம். மாத்திரை சாப்பிடுகிறார், அது வேண்டியதுதான். ஆனால் மாத்திரை சாப்பிட்ட கையோடுதான் துணி பிழிகிறார், தண்ணீர் தூக்குகிறார். கோவைக்குப் போனபோது அவரைப் பற்றியும் சும்மா ஒரு வார்த்தை கேட்டேன். பெரிய மூட்டு செய்யக்கூடியதைச் சின்ன மூட்டிடம் விடாதீர்கள் என்றார் அந்தப் பெண். குடத்தை விரலால் தூக்காமல் முன்கையில் அணைத்துத் தூக்கச் சொன்னார். துணியை முறுக்கிப் பிழியாமல் குழாயில் மாட்டி இரண்டு முனையையும் சேர்த்து உள்ளங்கையால் இழுக்கணும். கரண்டிப் பிடியில் சைக்கிள் ட்யூபைச் சுற்றித் தடிமனாக்கணும். காலையில் விரல் விறைப்பு விடும்வரை வெந்நீரில் கை வைத்துவிட்டு, கனமான வேலையைப் பத்து மணிக்கு மேல் தள்ளணும். அம்மா முதலில் சிரித்தார், "இதுக்கெல்லாம் ஒரு டாக்டரா?" என்று. ஒரு மாதம் கழித்து அவரே இன்னொரு கரண்டியை எடுத்து வந்து ட்யூப் சுற்றித் தரச் சொன்னார்.

கொழுந்து பறித்து மணிக்கட்டும் கட்டைவிரலும் தேய்ந்துபோன பெண்கள் இந்த மலையில் எத்தனை பேர்! கை மரத்துப்போகிறது, இரவில் வலியில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறோம் என்று கடைக்கு வரும் அக்காமார் சொல்லாத நாளில்லை. அவர்களுக்கு ஒரு மணிக்கட்டுப் பட்டையும், கொழுந்து வெட்டும் கத்தரியை எப்படிப் பிடிப்பது, எப்போது கை மாற்றுவது என்று சொல்ல ஒருவரும் இருந்தால், பலர் ஐம்பது வயதில் வேலையை விட வேண்டியிராது. தோட்டத்தில் மருத்துவ வசதி வேண்டும் என்று 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். மருத்துவம் என்றால் ஊசியும் மாத்திரையும் என்றே நாமெல்லாம் புரிந்துகொண்டோம்.

எங்கள் தாலுகாவில் இன்னொரு கூட்டத்தாரும் இருக்கிறார்கள். இரத்தச் சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்துபோகும் பரம்பரை நோயான அரிவாள் அணு இரத்தசோகை இந்தியாவில் முதன்முதலில் கண்டறியப்பட்டது இந்த நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான், 1952இல். அந்த நோய் இரத்தத்தோடு நிற்பதில்லை. இடுப்பு மூட்டுக்கு இரத்தம் போகாமல் எலும்பு சிதைந்து இளம் வயதிலேயே குந்தி எழ முடியாமல் போகும். சிலருக்குப் பக்கவாதமும் வரும். குளிர் பட்டால் வலி கூடும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 வகைக் குறைபாடுகளில் ஒன்றாகவே சேர்த்திருக்கிறது. மழையும் குளிரும் உள்ள ஊரில், தரையில் உட்கார்ந்து சமைத்து, காட்டில் விறகு பொறுக்கி வாழ்பவருக்கு அந்த வலியோடு நாளை எப்படி நகர்த்துவது என்று சொல்லிக்கொடுக்க வேண்டாமா? அதே 1952இல்தான் இந்தியச் செயல்முறை மருத்துவர்களின் அகில இந்தியச் சங்கமும் தொடங்கியிருக்கிறது. எழுபது வருடத்துக்கு மேலாகியும் அந்த இரண்டும் எங்கள் பக்கத்தில் ஒரே வாசலில் சந்தித்ததை நான் பார்த்ததில்லை.

இது வெளிநாட்டு ஆடம்பரம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். கமலா நிம்ப்கர் என்ற அம்மையார் 1950இல் பம்பாயில் இதற்கு முதல் பள்ளியைத் தொடங்கினார். நம் வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் ஒரு கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார், பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்து 1966இல் வேலூரில் அதற்கென ஒரு நிலையமே திறந்தார். தென்காசி பக்கம் ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்காக அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணனும் கழுத்துத் தண்டுவடம் அடிபட்டவர்தான். அடிபட்டவர்களே முன்னின்று வளர்த்த மருத்துவம் இது. நம் மாநிலத்தில் இதற்கு வேர் இருக்கிறது, எங்கள் மலைக்கு இன்னும் ஏறி வரவில்லை.

இயன்முறை மருத்துவர் இருக்கிறாரே, போதாதா என்று கேட்கலாம். எங்கள் வீட்டுக்கு வந்தவரை நான் குறை சொல்லவே இல்லை. அவர் இல்லாவிட்டால் என் வீட்டுக்காரர் எழுந்தே நின்றிருக்கமாட்டார். ஆனால் காலுக்கு வலு ஏற்றுவது ஒரு வேலை. அந்தக் காலோடு யானை வரும் ஊரில் இரவு எப்படிக் கழிப்பது, ஒற்றைக் கையால் வெந்நீர்ப் பானையை எப்படி இறக்குவது, ராடு வைத்த காலோடு எந்த வேலைக்குப் போவது, இவை வேறு வேலை. 2021இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணை சுகாதாரப் பணியாளர் ஆணையச் சட்டமும் இவை இரண்டையும் தனித்தனித் தொழிலாகத்தான் வைத்திருக்கிறது. குழந்தைகளுக்கான மையங்களில் ஆக்குபேஷனல் தெரபி என்ற வார்த்தையைக் கேட்டிருக்கிறோம் என்று ஆசிரியைகள் சொல்கிறார்கள், சந்தோஷம். முப்பது, நாற்பது, அறுபது வயதில் அடிபட்டவருக்கும் அதுவே வேண்டும்.

ஊட்டியில் 2025இல் 700 படுக்கைகளோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறக்கப்பட்டபோது எங்கள் லைன் வீடுகளில் எல்லாரும் மகிழ்ந்தோம். சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் இலவசச் சிகிச்சை தரும் இன்னுயிர் காப்போம் திட்டமும் எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கிறது. நான் கேட்பது 48ஆவது நாளைப் பற்றி.

என் கோரிக்கை பெரிதல்ல. பந்தலூர், கூடலூர், குன்னூர், கோத்தகிரி என்று ஒவ்வொரு தாலுகாவின் அரசு மருத்துவமனைக்கும் பெரியவர்களைப் பார்க்க ஒரு செயல்முறை மருத்துவர் வேண்டும். முடியவில்லையா, மக்களைத் தேடி மருத்துவம் வண்டியில் வாரத்தில் ஒரு நாளாவது ஒருவரை ஏற்றி அனுப்புங்கள். மாற்றுத்திறனாளிகளுக்காக மாநிலம் முழுக்க வரும் விழுதுகள் மையங்களில் எல்லாச் சிகிச்சையும் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும் என்கிறீர்கள், நல்ல திட்டம். அந்தக் கூரை ஊட்டியிலோ குன்னூரிலோ மட்டும் இருந்தால் எங்களுக்கு அது கோவை மாதிரிதான்.

அதைவிட முக்கியமானது ஒன்று. அதற்குப் புதிய பணியிடம்கூட வேண்டாம். எலும்பு முறிந்தவரையோ பக்கவாதம் வந்தவரையோ வீட்டுக்கு அனுப்பும் முன்பு அந்தச் சீட்டில் நான்கு கேள்வி சேருங்கள்: வீட்டுக்கு எத்தனை படி? கழிப்பறை உள்ளேயா வெளியேயா? குந்துவதா, உட்காருவதா? என்ன வேலை பார்த்தார்? பதில் எழுத இரண்டு நிமிடம் போதும். அந்தப் பதிலைப் பார்த்தாலே யாரை உடனே அனுப்பக்கூடாது, யாருக்கு நாற்காலியும் கைப்பிடியும் முதலில் வேண்டும் என்று தெரிந்துவிடும். வீட்டார் போனில் எடுத்த படமே முதல் கட்டத்துக்குப் போதும், எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

உதவி உபகரணத்தை மாற்றுத்திறனாளி அடையாள அட்டையோடு மட்டும் கட்டிவைக்காதீர்கள். குறைபாடு 40 சதவீதத்துக்குக் கீழே என்று என் வீட்டுக்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் நரம்பு வளர்ந்துகொண்டிருக்கிறது, நிரந்தரக் குறைபாடு இல்லை, அதில் எனக்குச் சந்தோஷமே. ஆனால் அது வளர்ந்து முடியும்வரை கழிப்பறை நாற்காலி வேண்டுமே. இரவல் கொடுத்து வாங்கும் ஒரு ஏற்பாடு ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருந்தால் போதும். நாங்கள் வாங்கிய நாற்காலி இப்போது மூன்றாவது வீட்டில் இருக்கிறது.

கைப்பிடிக் குழாய்க்கு ஊராட்சி மனது வைக்கணும். தெருவிளக்கு போடுகிற மாதிரி இதையும் பொது வேலையாக நினையுங்கள். குழாய் ஊன்றினால் அடிபட்டவர் மட்டுமா பிடித்து ஏறுவார்? கர்ப்பிணிப் பெண், பாட்டி, மழையில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை, எல்லாரும்தான். இங்கே தச்சர் இருக்கிறார், வெல்டர் இருக்கிறார், என்னைப் போலத் தைப்பவர்கள் இருக்கிறோம். என்ன அளவில், என்ன உயரத்தில் என்று சொல்லித்தர ஒருவர் வந்தால் மீதியை நாங்களே செய்துகொள்வோம்.

வேலையைப் பற்றி ஒன்று. பணியில் இருக்கும்போது குறைபாடு ஏற்பட்ட அரசு ஊழியரை வேலையை விட்டு நீக்கக்கூடாது என்று 2016 சட்டத்தின் 20ஆம் பிரிவு சொல்கிறது. தினக்கூலிக்கு அப்படி ஒரு பிரிவு இல்லை. மரம் ஏறியவர் இனி ஏறமுடியாது என்றால் வேறு என்ன முடியும் என்று உட்கார்ந்து யோசிக்க எங்களுக்கு ஆள் கிடையாது. அந்தப் பெண்தான் கேட்டார், "கணக்கு வருமாண்ணா? உட்கார்ந்து எழுத முடியுமா?" என்று. இன்றைக்கு அவர் பச்சை இலை எடை போடும் ஷெட்டில் உட்கார்ந்து சீட்டு எழுதுகிறார். தடித்த பேனா, அதன் மேல் சைக்கிள் ட்யூப். மணிக்கட்டு முக்கால்வாசி தூக்க வருகிறது. காலையில் 43 படியும் தானாக ஏறுகிறார், வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து.

போன மாதம் எங்கள் மேட்டு வீட்டு மாமாவைப் பக்கவாதம் வந்து மருத்துவமனையிலிருந்து கொண்டுவந்தார்கள். நாற்காலியில் வைத்து, நான்கு பேர் தூக்கி. அவர் வீட்டுக்கு 61 படி. சீட்டை வாங்கிப் பார்த்தேன். மாத்திரைகள், "நடைப்பயிற்சி செய்யவும்", "6 வாரம் கழித்து வரவும்".

உங்களில் ஒருவராவது நேரில் வந்து பார்க்கணும் என்று கேட்டுக்கொள்கிறேன். புதன்கிழமை வந்தால் என் வீட்டுக்காரரும் வீட்டில் இருப்பார், என் கடையும் அரை நாள்தான். மழையில் வருவதாக இருந்தால் கீழ்ப்பாதியில் மூங்கிலைப் பிடித்துக்கொள்ளுங்கள். பத்தொன்பதாவது படி மற்றதைவிட உயரம், அங்கே கால் வழுக்கும்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரி
பந்தலூர் தாலுகா, நீலகிரி மாவட்டம்